கொடியும் பொறியும்

ஆடை உடுக்கக் கற்ற மனிதன் அதனைத் துவைக்கக் கற்றான். துவைத்ததனை உலர்த்தவும் கற்றான். துவைக்கும் கையை நம் பழம்புலவர்கள் போற்றியிருக்கிறார்கள். நீரில் இட்ட ஆடையின் முறுக்கைப் பகன்றைப் பூவுக்கு உவமையாக்கிய பாடல் குறுந்தொகையில் உண்டு. ஆனால் உலர்த்துவதைப் பற்றி நம்மவர் அதிகம் பேசியதில்லை. பேச வேண்டிய தேவையும் நேரவில்லை. வெயில் இருந்தது, காற்று இருந்தது, இரு கம்பங்களுக்கு இடையே ஒரு கொடி இருந்தது. இன்றோ அந்தக் கொடியே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டிருக்கிறது. ஆகவே அதன் சார்பில் வழக்காட வேண்டிய கடமை நமக்கு வந்திருக்கிறது.

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களிலும் பிற நாடுகளிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பல இன்று அடுக்குமாடிகளில் வாழ்கின்றன. அங்குள்ள குடியிருப்போர் சங்கங்கள் பலவற்றின் விதித்தாளில், "முகப்பு மாடத்தில் துணி காயப்போடலாகாது" என்றொரு வரி தவறாமல் இடம்பெறுகிறது. காரணம் கேட்டால், "கட்டடத்தின் தோற்றம் கெடுகிறது" என்பார்கள். மாற்று வழி கேட்டால், "உலர்த்தும் பொறி வாங்கிக்கொள்ளுங்கள்" என்பார்கள். விதியை எழுதியவர்களைக் காட்டிலும், அதனைக் கேட்டவுடன் தலைகுனிந்து கொடியை அவிழ்க்கும் நம்மவரைப் பற்றியே நமக்கு வருத்தம். ஊரில் முற்றம் நிறையத் துணி காயப்போட்ட தாயின் மக்கள், நகரில் கொடி கட்டுவதை நாட்டுப்புறத்தனம் என்று நாணுகிறார்கள். இந்த நாணம் எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை தேட வட்டவடைக்கு ஒருமுறை சென்றுவருவது நன்று. கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில், மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வழியாகப் பாம்பாடும்சோலைக் காட்டைக் கடந்து சென்றால், கோவிலூர், கொட்டாக்கம்பூர், பழத்தோட்டம், சிலந்தியாறு என்று தமிழ்ப் பெயர்கள் நம்மை வரவேற்கும். மதுரைப் பக்கத்திலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் மலையேறி வந்தவர்கள் தாங்கள் என்பது அங்குள்ள வேளாண் குடிகளிடையே வழங்கும் வரலாறு. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது எல்லைக்கோடு அவர்களைக் கேரளத்தில் நிறுத்தியது. மொழி அவர்களைத் தமிழில் நிறுத்தியது. இடம்பெயர்ந்து வாழ்தலில் நமக்கெல்லாம் மூத்தோர் அவர்கள். படிப்படியாக இறங்கும் வயல்களில் காரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், பூண்டு விளைவிக்கிறார்கள். காந்தளூர்–வட்டவடைப் பூண்டுக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அம்மலைநிலத்தில் துணி உலர்த்துவது எளிதான செயலன்று. காலை வெயில் நண்பகலில் மூடுபனியாக மாறிவிடும். தென்மேற்குப் பருவத்தில் சாரலும், ஐப்பசி கார்த்திகையில் அடைமழையும் வந்து சேரும். அக்காலத்தில் ஒரு போர்வை உலர நாட்கணக்கில் ஆகும். மலைநாட்டு வீடுகளில் அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, அனலிலும் புகையிலும் துணியை உலர்த்துவது பழைய வழக்கம். உலர்த்தும் பொறி உண்மையாகவே எவருக்கேனும் தேவை என்றால் அது இத்தகைய மலைவாணர்க்கே தேவை. ஆனால் அவர்களோ வெயில் வந்த நேரத்தில் வேலியிலும் கொடியிலும் பாறையிலும் துணியை விரிக்கிறார்கள். மேகம் இறங்கும் நேரத்தில் வாரிச் சுருட்டி உள்ளே கொண்டுபோகிறார்கள். ஆண்டில் பெரும்பகுதி வெயில் காயும் சமவெளி நகரங்களில் வாழும் நாமோ, வெயிலுக்குக் கதவைச் சாத்திவிட்டுப் பொறிக்கு விலை விசாரிக்கிறோம்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நகரத்துப் பயணி வட்டவடைக்குச் செல்கிறார். படிக்கட்டு வயல்களைப் படம் எடுக்கிறார். வீட்டு முற்றத்துக் கொடியில் சிவப்பும் மஞ்சளுமாய்க் காற்றில் ஆடும் சேலைகளையும் படம் எடுத்து, "என்ன அழகு!" என்று வியக்கிறார். ஊர் திரும்பியதும் தம் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் கொடிக்கு எதிராகக் கை தூக்குகிறார். மலையில் அழகாக இருந்த அதே சேலை மாடத்தில் எவ்வாறு அசிங்கமாயிற்று? சேலை மாறவில்லை, பார்ப்பவரின் மதிப்பீடே இடத்துக்கு இடம் மாறுகிறது.

இனிப் பொறியின் கணக்கைப் பார்ப்போம். எழுத்தர் பணியில் காலம் கழிக்கும் நம் போன்றோர்க்குக் கணக்குப் பார்ப்பது பழகிய தொழில். ஐந்து கிலோ துணியைச் சலவைப் பொறி நன்றாகச் சுழற்றிப் பிழிந்த பின்னும் ஏறத்தாழ மூன்று லிட்டர் நீர் துணியில் தங்கியிருக்கும். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்கக் குறைந்தது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பம் வேண்டும். இது இயற்கையின் விதி, இதில் எந்த நிறுவனமும் சலுகை தர முடியாது. ஆக மூன்று லிட்டருக்கு இரண்டு யூனிட். பொறியின் விரயத்தையும் சேர்த்தால் சாதாரணப் பொறியில் மூன்று யூனிட் அளவுக்கு வந்துவிடும். 75 வாட் மின்விசிறி ஒன்று நாற்பது மணி நேரம் ஓடும் மின்சாரம் இது. வெப்பத்தை மீட்டுப் பயன்படுத்தும் புதுவகைப் பொறிகள் இதில் பாதியளவில் வேலையை முடிக்கின்றன என்பது உண்மை. அவற்றின் விலை மிக அதிகம் என்பதும் உண்மை. கொடியின் செலவோ ஒரு முழக் கணக்கில் வாங்கும் கயிற்றோடு முடிந்துவிடுகிறது.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் எண்ண வேண்டும். வட்டவடை இருக்கும் அதே தேவிகுளம் வட்டத்தில்தான் 1940-இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் அதுவே. அதே மாவட்டத்தில் 1976-இல் தொடங்கிவைக்கப்பட்ட இடுக்கி நிலையத்தின் திறன் 780 மெகாவாட். ஒவ்வொன்றும் இரண்டரைக் கிலோவாட் இழுக்கும் உலர்த்தும் பொறிகள் மூன்று இலட்சத்துச் சொச்சம் ஒரே நேரத்தில் ஓடினால் அந்தப் பேரணையின் மின்சாரம் முழுவதும் ஈரத்துணிக்கே போய்விடும். நாடு முழுமைக்கும் பார்த்தால் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. மாடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது, எங்கோ நிலக்கரியை எரித்து அந்த வெப்பத்தைக் கம்பி வழியாகக் கொண்டுவந்து கைக்குட்டையைக் காயவைப்பது எந்த நாகரிகத்தில் சேர்த்தி?

பொறி துணிக்கும் நல்லதன்று. உருளையில் புரண்டு புரண்டு உலரும் துணியிலிருந்து உதிரும் பஞ்சு வடிகட்டியில் படிகிறது; அது நம் ஆடையின் உடலே. அதனை அகற்றாமல் விட்டால் தீப்பற்றும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான ஆண்டுகளுக்கு வெளியிட்ட கணக்கின்படி, அந்நாட்டு வீடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 தீ விபத்துகள் இப்பொறிகளால் நேர்ந்தன. வடிகட்டியைத் துப்புரவு செய்யாமையே அவற்றின் முதன்மைக் காரணம்.

பொருட்கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் நாணம் ஏன் நீங்கவில்லை? அதன் வேர் வேறிடத்தில் இருக்கிறது. அழுக்கு வெளுக்கும் தொழிலையும் அத்தொழில் செய்தோரையும் இழிவாக எண்ணிய பழைய சாதிப் பார்வையின் மிச்சமே இந்த நாணம் என்பது நம் துணிபு. ஒரு காலத்தில் வசதி படைத்தோர் வீட்டு அழுக்கை வண்ணார் எடுத்துச் சென்றனர். வெளுத்து மடித்துக் கொண்டுவந்தனர். ஈரத்துணி கண்ணில் படாத வீடே பெரிய வீடு என்றாயிற்று. இன்று வண்ணாரின் இடத்தில் பொறி வந்திருக்கிறது. பெருமிதம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அத்தொழிலின் மாண்பை அறிய விரும்புவோர் கொச்சிக் கோட்டைப் பகுதியின் சலவைக்கூடத்தைப் பார்க்க வேண்டும். டச்சுக்காரர் ஆட்சிக் காலத்தில் படைவீரர் உடைகளை வெளுக்கத் தமிழ்நாட்டுப் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தோர் இன்றும் அங்கே தமிழ் பேசி வாழ்கிறார்கள். அவர்களும் நம்மைப் போலக் குடிபெயர்ந்த தமிழர்களே. 1976-இல் அவர்களுக்கெனக் கட்டப்பட்ட கூடத்தின் அருகே திறந்தவெளியில் வரிசை வரிசையாய்க் கயிறுகள். இரட்டைக் கயிற்றை முறுக்கி, அம்முறுக்கின் இடையே துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். கிளிப் வேண்டுவதில்லை, காற்றுக்கும் பறப்பதில்லை. இவ்வளவு எளிய அறிவைக் கண்டுபிடித்த கைகளை இழிவென்று எண்ணுவோமானால் இழிவு யாருடையது?

சமயநெறி போற்றும் நம் இல்லங்களில் பெரியபுராணம் அறியாதார் இலர். காஞ்சியில் வாழ்ந்த திருக்குறிப்புத் தொண்ட நாயனார் அடியார்களின் ஆடைகளை வெளுத்துக் கொடுத்தவர். குளிர்காலத்தில் ஒருநாள் முதியவர் ஒருவரின் கந்தையை வாங்கி, பொழுது சாய்வதற்குள் உலர்த்தித் தருவதாக வாக்களித்தார். துவைத்தாயிற்று, உலர்த்தும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது, விடவில்லை. குளிரில் நடுங்கும் முதியவருக்கு உலர்ந்த ஆடை தர முடியாமற்போயிற்றே என்று துவைக்கும் கல்லில் தம் தலையை மோதத் துணிந்தார் அவர். ஈசன் கை நீண்டு தடுத்தது என்பார் சேக்கிழார். ஒரு கந்தை உலர்வதை உயிரினும் பெரிதாக எண்ணிய தொண்டரை நாயன்மார் வரிசையில் வைத்து வணங்கும் நாம், துணி உலர்த்துவதைக் கண்ணுக்கு ஆகாத காட்சி என்று சொல்லலாமா?

நாணத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. அது பெண்களை வருத்துவது. உள்ளாடைகளையும் மாதவிலக்குத் துணிகளையும் சேலைக்கு அடியிலும், குளியலறை மூலையிலும், கட்டிலின் பின்புறத்திலும் மறைத்து உலர்த்தும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. நிழலிலும் ஈரத்திலும் பூஞ்சையும் கிருமியும் வளரும். வெயிலில் அவை ஒடுங்கும். அத்துணிகளை நன்கு துவைத்து வெயிலில் உலர்த்துக என்பதே மருத்துவ அறிவுரை. கொடியைத் தடைசெய்யும் விதி, பொறி வாங்க வசதியற்ற வீட்டுப் பெண்களின் உடல்நலத்தைத் தண்டிக்கும் விதியாக முடிகிறது.

எதிர்வாதங்களையும் நேர்மையாக எடைபோட வேண்டும். பனிநாடுகளில் குளிர்காலம் முழுவதும் வெளியே உலர்த்த இயலாது, ஒப்புகிறோம். கைக்குழந்தை உள்ள வீட்டிலும், கை ஓங்க முடியாத முதியோர் தனித்து வாழும் வீட்டிலும், மகரந்தத் தூளால் மூச்சு முட்டுவோர் வீட்டிலும் பொறி ஒரு துணையே; அதனையும் ஒப்புகிறோம். "இருவரும் வேலைக்குப் போகிறோம், உலர்த்த நேரமேது?" என்ற வினா கனமானது. ஆனால் நேரம் இல்லாதது யாருக்கு? துவைப்பதும் பிழிவதும் உலர்த்துவதும் மடிப்பதும் மனைவி ஒருத்தியின் தலையில் இருக்கும்வரை அவளுக்கு நேரம் இராது. கணவன் கொடியில் போட, மக்கள் எடுத்து மடிக்க, பதினைந்து நிமிட வேலை அது. பொறி வாங்குவதற்கு முன் அந்த வேலையைப் பங்கிட்டுப் பார்த்தோமா? தேவைக்குப் பொறி வைத்திருப்போரை நாம் குறை கூறவில்லை. பொறியைத் தகுதிச் சின்னமாக்கி, கொடி கட்டுவோரைத் தாழ்த்துவதையே மறுக்கிறோம்.

உலகப் போக்கும் ஒரே திசையில் செல்லவில்லை. துபாய், அபுதாபி நகராட்சிகள் மாடத்தில் துணி உலர்த்துவோரை எச்சரித்திருப்பது உண்மை. ஆனால் ஈழத்தமிழர் பெருந்தொகையாய் வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாநில அரசு, 2008-இல், வீட்டுப் புறங்களில் துணிக்கொடி கட்டுவதைத் தடுத்துவந்த குடியிருப்பு ஒப்பந்த விதிகளைச் செல்லாதவையாக்கியது. மின் சிக்கனமே அதன் நோக்கம். புளோரிடா, கொலராடோ, மெய்ன், வெர்மான்ட் முதலிய அமெரிக்க மாநிலங்களிலும் கொடிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரில், அரசு வீடமைப்புக் கழகம் தன் அடுக்குமாடிகள் பலவற்றைக் கட்டும்போதே மூங்கில் கழி செருகும் குழாய்களைச் சுவரில் பொருத்தியது. கொடி கட்டடத்தின் அழகைக் கெடுக்கிறதென்றால், அதற்கு இடம் விடாமல் வரைபடம் போட்ட கட்டடக் கலைஞரை அன்றோ கேட்க வேண்டும்?

ஆகவே நம் குடும்பங்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இது. குடியிருப்புச் சங்கக் கூட்டங்களில் வாய்மூடி இராதீர்கள். தடைவிதி வந்தால் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவியுங்கள். மொட்டை மாடியின் சாவியைக் கேளுங்கள். அங்கே எல்லா வீட்டாரும் முறைவைத்துப் பயன்படுத்தப் பொதுக்கொடி அமைக்கச் சொல்லுங்கள். அதற்கும் இசையாவிடில், மாடத்தின் கைப்பிடிச் சுவர் உயரத்துக்கு உட்பட்ட தாழ்கொடிக்கேனும் இசைவு பெறுங்கள். கீழ்வீட்டார் மீது நீர் சொட்டாமல் நன்றாகப் பிழிந்து போடுவது நம் கடமை. சாயத்துணியை உட்புறம் திருப்பி நிழற்காற்றிலும், வெள்ளையை நேர்வெயிலிலும் உலர்த்தினால் துணியும் நாள்பட உழைக்கும்.

மேலாக, நம் பிள்ளைகளின் காதுபட, "பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்ற சொல்லைத் துணிக்கொடி குறித்துச் சொல்லாதிருப்போம். வட்டவடைத் தமிழர் தலைமுறைகள் பல கடந்தும் தம் மொழியையும் வழக்கத்தையும் அயலார் பார்வைக்காக அவிழ்த்துவிடவில்லை. நேற்றுக் குடியேறிய நாம் ஒரு முழக் கயிற்றை அவிழ்க்க ஏன் இத்தனை விரைகிறோம் என்பதை ஒவ்வொரு குடும்பமும் தனக்குள் கேட்டுக்கொள்ளட்டும்.