கொல்ல அனுமதி உண்டு. விளையாட அனுமதி இல்லை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் நம் ஊர்களில் ஒரு காட்சி தவறாமல் அரங்கேறுகிறது. அஸர் தொழுகை முடிந்து ஜமாஅத் கலையும் நேரம். பள்ளிவாசலின் பின்புறத்து வேப்பமரத்தடியில் நம் பிள்ளைகள் நாலைந்து பேர் ஏர்கன்னுடன் நிற்கின்றனர். சிறியவர்களின் கைகளில் உண்டிவில். காகம் ஒன்று சுருண்டு விழுகிறது, கைதட்டல் எழுகிறது. ஒருவன் அதைச் செல்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் ஏற்றுகிறான். சிறகு முறிந்த அந்தப் பறவை மஃக்ரிப் வரை சாக்கடையோரம் துடித்துக் கிடக்கிறது. தொழுகைக்குச் செல்லும் நாமும் அதைத் தாண்டித்தான் செல்கிறோம்.

கண்டித்தால் பதில் ஆயத்தமாக இருக்கிறது: "காகத்தைக் கொல்லலாம் என்று ஹதீஸே இருக்கிறதே, மாமா!" புறாவையும் மைனாவையும் மடையானையும் ஏன் சுடுகிறீர்கள் என்று கேட்டால், "வீணாக்கவில்லையே, சமைத்துத்தானே சாப்பிடுகிறோம்" என்கின்றனர். இரண்டு பதில்களும் மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படுகின்றன. ஆகவே மார்க்கத்தின் உரைகல்லிலேயே அவற்றை உரசிப் பார்ப்பது நம் கடமையாகிறது.

ஹதீஸ் சொல்வது என்ன?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. காகம், பருந்து, தேள், எலி, வெறிநாய் ஆகிய ஐந்தும் தீங்கு செய்பவை என்றும், புனித ஹரம் எல்லைக்குள்ளும் அவற்றைக் கொல்லலாம் என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். இதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியலை நிதானமாகப் பாருங்கள். இந்த ஐந்தையும் ஒன்றாகக் கோர்க்கும் இழை எது? தீங்குதான். வேட்டையே தடை செய்யப்பட்ட இடத்தில்கூட, தீங்கைத் தடுக்க வழங்கப்பட்ட சலுகை இது. தேளைக் கண்டால் அடிக்கிறோம். குறிபார்த்துப் பழகுவதற்காகத் தேளைத் தேடி எவரேனும் தோட்டம் தோட்டமாக அலைகிறோமா? எலியைப் பொறிவைத்துப் பிடிக்கிறோம். அது சாவதைப் படம் பிடித்துப் பெருமை பேசுகிறோமா? காகத்துக்கு மட்டும் ஏன் இந்தக் கொண்டாட்டம்?

மேலும், அந்தப் பட்டியலில் மைனா இல்லை, புறா இல்லை, கொக்கு இல்லை, கிளி இல்லை. காகத்துக்கான சலுகையைக் காட்டி ஊரிலுள்ள பறவைகள் அனைத்தையும் சுடுவது ஹதீஸைப் பின்பற்றுவதன்று, ஹதீஸைக் கேடயமாக்கிக்கொள்வது.

அனுமதிக்கப்பட்ட கொலைக்கும் ஒழுங்கு உண்டு. எல்லாவற்றிலும் அழகிய முறையை அல்லாஹ் விதித்திருக்கின்றான் என்றும், கொல்ல நேர்ந்தாலும் அழகிய முறையிலேயே கொல்ல வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அறிவிக்கின்றார்கள் (முஸ்லிம்). சிறகை முறித்துச் சாக்கடையோரம் துடிக்கவிடுவது எந்த அழகு?

இன்னொரு நிகழ்ச்சி. குறைஷிக் குலத்து இளைஞர்கள் ஒரு பறவையைக் கட்டிவைத்து அம்பெய்து கொண்டிருந்தனர். அவ்வழியே இப்னு உமர் (ரலி) அவர்கள் வந்தார்கள். அவர்களைக் கண்டதும் இளைஞர்கள் சிதறி ஓடினர். உயிருள்ள ஒன்றைக் குறியிலக்காக ஆக்குபவரை நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கின்றார்கள் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் அப்போது எச்சரித்தார்கள் (முஸ்லிம்). சபிக்கப்பட்ட செயல் என்பதைக் கவனியுங்கள். அன்றைய இளைஞர்கள் ஒரு பெரியவரைக் கண்டவுடன் ஓடினர். நம் பிள்ளைகள் நம்மைக் கண்டு ஓடுவதில்லை. "சுட்டுப் பாருங்களேன்" என்று துப்பாக்கியை நீட்டுகின்றனர். குறை அவர்களிடம் மட்டுமா இருக்கிறது?

"சமைத்துச் சாப்பிடுகிறோமே?"

இந்த வாதம் முந்தைய வாதத்தையே முறித்துவிடுகிறது. கொல்லும்படி சொல்லப்பட்ட உயிரினங்கள் உண்ணத்தக்கவை அல்ல என்பது ஷாஃபி மத்ஹபின் விதி. தீங்கானது என்று நபி (ஸல்) அவர்கள் பெயரிட்ட காகத்தை யார்தான் உண்பார் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் கேட்டதாக இப்னு மாஜாவில் காண்கிறோம். தானியம் மட்டும் தின்னும் காக வகை குறித்து இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; ஹனஃபி அறிஞர்களிடையே நெடிய விவாதமும் நடந்திருக்கிறது. ஆனால் செத்த எலியையும் மீன் குடலையும் கொத்தித் தின்னும் நம் தெருக் காகத்தை, அந்த விவாதத்தின் நிழலில் பிரியாணிச் சட்டிக்குள் கொண்டுவருவது பேணுதல் ஆகாது. கூரிய நகங்களால் இரை பற்றும் பருந்து, வல்லூறு போன்றவை ஹராம் என்பது முஸ்லிமில் பதிவான ஹதீஸ்.

சரி, புறா ஹலால்தானே? ஆம். ஆனால் அது எவ்வாறு இறந்தது? அடிபட்டுச் செத்ததை அல்லாஹ் ஹராமாக்கியிருக்கின்றான் (அல்குர்ஆன் 5:3). வேட்டைக் கோல் தன் கூர்முனையால் தைத்தால் உண்ணலாம், அகலப் பக்கத்தால் அடித்துக் கொன்றால் உண்ணக்கூடாது என்று அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள் (புகாரி, முஸ்லிம்). உண்டிவில்லின் கல் தைப்பதில்லை; அடித்துத்தான் கொல்கிறது. ஏர்கன் குண்டின் நிலையும் அறிஞர்கள் பலரிடம் அதுவே. விழுந்த பறவை உயிரோடு இருக்கையில் பிஸ்மி கூறி அறுத்தால் மட்டுமே அது ஹலால். மரத்திலிருந்து விழுந்ததை ஓடிப்போய் எடுப்பதற்குள் அதன் உயிர் பிரிந்துவிட்டால், நாம் வீட்டுக்குக் கொண்டுவருவது செத்த பிராணியைத்தான். அதை நம் பெண்கள் அறியாமலே சமைத்துப் பிள்ளைகளுக்குப் பரிமாறுகின்றனர்.

ஆக, கொல்லலாம் என்று சொல்லப்பட்டவை உண்ணத் தகாதவை. உண்ணலாம் என்று சொல்லப்பட்டவையோ விளையாட்டுக்குக் கொல்லத் தகாதவை. இவ்விரண்டுக்கும் நடுவே பொழுதுபோக்கு வேட்டைக்கு இடம் எங்கே இருக்கிறது?

ஒரு சிட்டுக்குருவியை உரிமையின்றிக் கொன்றாலும் அல்லாஹ் விசாரிப்பான் என்றும், அறுத்து உண்பதே அதன் உரிமை, தலையைத் துண்டித்து எறிவதல்ல என்றும் நஸாயீயில் ஹதீஸ் உள்ளது. சிறு கற்களைச் சுண்டி எறிவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தபோது, அது வேட்டைக்கும் உதவாது, பகைவனையும் வீழ்த்தாது, பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும் என்று காரணம் சொன்னார்கள் (புகாரி, முஸ்லிம்). கடந்த விடுமுறையில் நம் தெருவில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனின் இமையை உண்டிவில் கல் கிழித்தது. கண் தப்பியது அல்லாஹ்வின் கிருபை. அந்த ஹதீஸின் பொருளை அன்று மருத்துவமனை வாசலில் நின்று உணர்ந்தோம்.

தீங்கு எங்கிருந்து வருகிறது?

காகத்தால் தொல்லையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. கோழிக்குஞ்சைத் தூக்குகிறது, காயவைத்த கருவாட்டைக் கொத்துகிறது, எலும்பைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிடுகிறது. ஆனால் அந்த எலும்பைத் தெருவில் எறிந்தவர் யார்? நிக்காஹ் விருந்தின் மீதச்சோற்றை மூலையில் கொட்டியவர் யார்? குர்பானி கொடுத்த நாளின் மாலையில் குடலையும் தோல் துண்டுகளையும் வெட்டவெளியில் விட்டவர் யார்? விருந்துக்கு அழைத்தவர்கள் நாம். வந்தவற்றைச் சுடுபவர்களும் நாமே.

"சிங்கப்பூரில் அரசாங்கமே காகம் சுடுகிறதே" என்பர், அங்கே உறவினர் உள்ளவர்கள். காகம் அந்த மண்ணின் பறவையன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காப்பித் தோட்டப் புழுக்களை ஒழிக்க இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. ஒரு 'தொல்லை'யை ஒழிக்க மனிதன் கொண்டுவந்ததே அங்கே இன்னொரு தொல்லையாயிற்று. மேலும் அங்கே அரசு பொறுப்பேற்று நடத்துவது கட்டுப்பாட்டு நடவடிக்கை, விடுமுறை விளையாட்டன்று. நம் ஊரிலோ காகம் மண்ணின் பறவை. செத்த எலியையும் மீன் கழிவையும் கூலியில்லாமல் அகற்றுகிறது. மைனாவும் கொக்கும் உழவுச் சாலில் புழு பொறுக்குகின்றன.

1958இல் சீனாவில் சிட்டுக்குருவி தானியம் தின்கிறது என்று நாட்டு மக்களையே ஏவிக் கொன்றனர். குருவிகள் குறைந்தன, அவை தின்றுவந்த பூச்சிகள் பெருகின. 1960இல் ஒழிப்புப் பட்டியலிலிருந்து குருவியை நீக்கி மூட்டைப்பூச்சியைச் சேர்த்தனர். அதற்குள் அந்நாடு கொடும் பஞ்சத்தில் சிக்கியிருந்தது. பஞ்சத்துக்குக் காரணங்கள் பல. குருவி ஒழிப்பும் அவற்றுள் ஒன்று. 'தொல்லைப் பறவை' என்று பெயர் சூட்டுவது எளிது. அதன் கணக்கை முடிப்பது எளிதன்று.

நாட்டின் சட்டமும் மாறியிருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காகத்தைத் தீங்குயிர்களின் அட்டவணையில் வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் அந்த அட்டவணையையே நீக்கிவிட்டது. மயில், கிளி, மைனா, கொக்கு ஆகியவற்றை வேட்டையாடுவதோ முன்பிருந்தே குற்றம். உடல்நலமும் உண்டு: ஏர்கன் குண்டுகள் பெரும்பாலும் ஈயத்தாலானவை, ஈயம் சிறுவர்களின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2021 ஜனவரியில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் காகங்கள் பறவைக் காய்ச்சலால் செத்து விழுந்ததையும் மறந்துவிடக் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

பெருநாள் பணத்தில் பிள்ளைக்கு ஏர்கன் வாங்கித் தரும் வழக்கத்தை நிறுத்துவோம். அருணாசலப் பிரதேசத்தில் 2021 மார்ச்சில் ஏர்கன் ஒப்படைப்பு இயக்கம் தொடங்கியது. தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய மக்களே முன்வந்து ஆயிரக்கணக்கில் துப்பாக்கிகளை ஒப்படைத்தனர். இப்னு உமர் (ரலி) அவர்களின் எச்சரிக்கையைக் கையில் வைத்திருக்கும் நாம் அவர்களுக்குப் பின்தங்கலாமா? ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு ஜும்ஆவில் இதை அறிவிக்கட்டும். குர்பானிக் கழிவைப் புதைக்க ஊர்ப்பொதுவில் குழி வெட்டட்டும். தொட்டிக்கு மூடியும் கருவாட்டுக்கு வலையும் போடுவோம்.

தோப்பும் வயலும் உள்ளவர்களுக்கு ஒரு சொல். ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து பறவை தின்றாலும் அது அவருக்குத் தர்மம் என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியுள்ளார்கள் (புகாரி). நஷ்டம் என்று நாம் எழுதும் கணக்கு, அல்லாஹ்விடம் நன்மையாகப் பதியப்படலாம்.

முதல் கொலையைச் செய்த ஆதமின் மகனுக்கு, சகோதரனின் உடலை மண்ணில் மறைக்கக் கற்றுத்தர அல்லாஹ் அனுப்பியது ஒரு காகத்தைத்தான் (அல்குர்ஆன் 5:31). கொன்றவனுக்குப் பாடம் சொன்ன பறவை அது. அதைக் கொன்று விளையாடும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பொறுப்பு நம்முடையது. இன்று அஸருக்குப் பின் அந்த வேப்பமரத்தடிக்கு நாமே செல்வோம். அன்போடு, ஆனால் உறுதியோடு, துப்பாக்கியைக் கேட்டு வாங்குவோம்.

உயிர்களிடம் இரக்கம் காட்டும் சமுதாயமாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.