கட்டடம் வந்தது, ஆளணி எங்கே?

மட்டக்களப்பு மாவட்டத்தின் சுகாதாரத்தைப் பற்றிப் பேச முற்படுபவர் எவராயினும் வாவியிலிருந்துதான் தொடங்க வேண்டும். வாவிக்கும் கடலுக்கும் இடையே நீளும் நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. போதனா வைத்தியசாலை மட்டக்களப்பு நகரில் இருக்கிறது. காத்தான்குடி, களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைகள் எழுவான்கரையில் இருக்கின்றன. நெல்லை விளைவிப்பவனும் பாம்புக்கும் யானைக்கும் நடுவே இரவைக் கழிப்பவனும் படுவான்கரையில் இருக்கிறான். இந்தப் பிரிவினையை உண்டாக்கியது இயற்கை. அதைச் சுகாதாரத்தில் இன்றுவரை காப்பாற்றி வருவது கொழும்பின் ஆளணிக் கொள்கை.

எதுவுமே நடக்கவில்லை என்று நான் சொல்லவரவில்லை. கிழக்கில் 2007இல் போர் ஓய்ந்தது. 'பாதை' என்று நாம் அழைக்கும் மிதவையில் வாகனங்களும் மனிதரும் கடந்த மண்முனைத் துறைக்கு 2014இல் பாலம் வந்தது. 2016இல் இந்திய உதவியுடன் தெற்கிலும் மேற்கிலும் ஆரம்பமான 1990 அம்புலன்ஸ் சேவை பின்னர் கிழக்கிற்கும் வந்து சேர்ந்தது. மறுசீரமைப்பு என்ற பெயரில் 'மத்திய மருந்தகம்' ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவாயிற்று. கிராமிய வைத்தியசாலைகள் ஏ, பி, சி என்று தரம் பிரிக்கப்பட்ட பிரதேச வைத்தியசாலைகளாயின. ஆரம்ப சுகாதாரத்தை வலுப்படுத்தவென 2018இல் உலக வங்கி 20 கோடி டொலர் கடன் வழங்க இணங்கியது. இவை யாவும் வரவேற்கத்தக்கவையே. ஆயின் இவற்றுள் ஒன்றுகூட, வைத்தியர் ஒருவர் படுவான்கரையில் தங்கிப் பணிபுரிவதற்கான ஏற்பாடு அன்று.

பத்திரிகைக் காரியாலயத்தில் இருந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. நாடா வெட்டும் படங்கள் நாள்தோறும் வந்து குவியும். கட்டடம் திறந்தால் படம், நோயாளர் காவுவண்டி கையளித்தால் படம், பெயர்ப்பலகை மாற்றினாலும் படம். வைத்தியர் இடமாற்றம் பெற்றுப் போய், பதிலாள் வராமல் மாதங்கள் கழியும்போது மட்டும் எவரும் படம் அனுப்புவதில்லை.

இதன் விளைவை விளங்கிக்கொள்ளப் பாம்புக்கடி ஒன்றே போதும். புடையன் கடித்த விவசாயிக்கு முதற் சில மணித்தியாலங்களே உயிர். நமது வைத்தியசாலைகள் நெடுங்காலமாக நம்பியிருக்கும் விஷமுறிவு மருந்து இந்தியப் பாம்புகளின் விஷத்திலிருந்து தயாரிக்கப்படுவது. அதை ஏற்றும்போது கடுமையான ஒவ்வாமை ஏற்படுவது இலங்கையில் சாதாரணம். ஆகவே மருந்து அலுமாரியில் இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வாமை தோன்றிய கணத்தில் அதைக் கையாளத் தெரிந்த வைத்தியர் கட்டிலருகே இருக்க வேண்டும். இரவில் அவர் இல்லையெனில் நோயாளியை நகருக்கு அனுப்புவதைத் தவிர வழியில்லை. பாலமும் அம்புலன்ஸும் அந்தப் பயணத்தைச் சுருக்கியிருக்கின்றன, உண்மை. ஆனால் நோயாளியை விரைவாக அப்புறப்படுத்துவதையே கிராமத்துக்கான சிகிச்சை என்று அரசு கணக்கெழுதுமானால் அது ஏமாற்று.

ஏன் இந்த நிலை? 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் சுகாதாரத்தை மாகாண சபைக்குக் கொடுத்தது. மகிழடித்தீவு, மண்டூர், கரடியனாறு போன்ற பிரதேச வைத்தியசாலைகள் மாகாணத்தின் பொறுப்பு. ஆனால் அவற்றை நடத்த வேண்டிய வைத்தியரின் நியமனமும் இடமாற்றமும் கொழும்பின் கையில். உள்ளகப் பயிற்சி முடித்தோர் நாடளாவிய தரவரிசைப்படி இடங்களைத் தெரிவு செய்கின்றனர். விருப்பமான ஊர்கள் முதலில் நிரம்பும், எஞ்சியது படுவான்கரைக்கு. போதாக்குறைக்கு, கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்த பின்னர் ஆண்டுக்கணக்கில் தேர்தலே நடத்தப்படவில்லை. வீட்டின் பொறுப்பைக் கொடுத்து, சாவியைத் தன் மடியிலே முடிந்துகொண்ட கதை இது.

இதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. மருத்துவபீட அனுமதியில் 40 வீதம் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. மாவட்ட ஒதுக்கீட்டின் நியாயம் என்ன? பின்தங்கிய மாவட்டத்துக்கு ஈடுசெய்வது. அப்படியாயின், உள்ளே நுழையும்போது மாணவனின் மாவட்டத்தைத் தேடிப் பார்க்கும் அரசு, அவன் வைத்தியனாகி வெளியே வரும்போது அம்மாவட்டத்தை மறந்துவிடுவது ஏன்? ஆசனம் ஊரின் பெயரால் வழங்கப்படுகிறது. அதன் பயன் ஊருக்குத் திரும்புவதற்கு விதியேதும் இல்லை.

முன்னர் இவ்வெற்றிடத்தை நிரப்பியவர்கள் அப்போதிக்கரிமார். மருத்துவப் பட்டம் அற்ற, ஆனால் முறையாகப் பயிற்றப்பட்ட உதவி வைத்தியர்கள். தலைமுறை தலைமுறையாகக் கிராமிய மருந்தகங்களைத் தாங்கிய அந்தப் பயிற்சிநெறி 1990களில் நிறுத்தப்பட்டது. தரம் உயர வேண்டும் என்பது சொல்லப்பட்ட நியாயம். இருந்தவர்கள் ஓய்வுபெற்றுச் சென்றனர். அவர்களின் கதிரைகளில் அமரவேண்டிய பட்டதாரி வைத்தியர்கள் எல்லா இடங்களுக்கும் வந்து சேரவில்லை. இலங்கையின் தாய் மரண வீதம் தெற்காசியாவே வியக்கும் அளவுக்குக் குறைந்ததற்கும் பெரிதும் காரணம் நிபுணர்களல்லர். வீடுவீடாகச் சென்ற குடும்பநல மாதர்கள். இதை மறந்த மறுசீரமைப்பு தலைகீழாகக் கட்டப்பட்ட கோபுரம்.

தாதியர் விடயத்திலும் இதே முரண். தாதியர் பயிற்சிக்கு உயர்தர விஞ்ஞானப் பிரிவுச் சித்தி கேட்கப்பட்டது. வெல்லாவெளிப் பிள்ளையோ வவுணதீவுப் பிள்ளையோ தன் ஊரிலே விஞ்ஞானம் படிக்க வசதியின்றி இருக்க, வேறிடத்தவர் நியமனம் பெற்று வருகிறார், கட்டாய காலம் முடிந்ததும் போகிறார். போகிறவரை நான் குறைசொல்லேன். அவருக்கும் குடும்பம் உண்டு.

2022இன் பொருளாதார வீழ்ச்சி இந்த ஓட்டைப் பாத்திரத்தில் மேலும் துளையிட்டது. அவ்வாண்டு ஜூனில் வெளியான சுற்றறிக்கை, அரச ஊழியர் ஐந்தாண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல வழிவிட்டது. அதே ஆண்டு ஓய்வு வயதை 60 ஆகக் குறைக்கும் தீர்மானமும் வந்தது. வைத்திய நிபுணர்கள் நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வைத்தியர்கள் நாட்டைவிட்டுச் சென்றதாக அரசாங்க மருத்துவ அதிகாரிகள் சங்கம் கூறியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் வந்தபோது செலவைக் கட்டுப்படுத்தும் நிபந்தனைகளும் கூடவே வந்தன. கொழும்பில் பத்துப்பேர் போனால் எஞ்சியவர் சுமையைப் பகிர்வர். ஒருவர் மட்டுமே உள்ள வைத்தியசாலையில் அந்த ஒருவர் போனால் கதவுதான் மிஞ்சும்.

வைத்தியர்கள் தரப்பு நியாயத்தையும் சொல்லவேண்டும். தங்குமிடம் இல்லை, பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலை இல்லை, மேற்படிப்புக்கு வழியில்லை என்கின்றனர். முற்றிலும் உண்மை. 1977 முதல் கடமை நேரத்துக்குப் பின் தனியார் சிகிச்சைக்கு அனுமதி உண்டு. அந்த வருமானமும் நகரிலேயே கிடைக்கும். அப்படியானால் கஷ்டப் பிரதேசச் சேவைக்கு உயர்ந்த கொடுப்பனவும், பட்டமேற்படிப்பில் முன்னுரிமையும், நல்ல விடுதியும் கொடுங்கள். கொடுக்காமல் வெறும் கட்டளையால் எவரையும் நெடுநாள் நிறுத்த முடியாது.

நமது பக்கத்துக் குற்றமும் சிறிதல்ல. நம் அரசியல்வாதிகளுக்குத் தெரிந்த ஒரே கோரிக்கை 'தரமுயர்த்தல்'. தன் ஊர் வைத்தியசாலை அயலூரானின் வைத்தியசாலையைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டும், அவ்வளவே. அனுமதிக்கப்பட்ட ஆளணி எத்தனை, நிரப்பப்பட்டது எத்தனை என்று நாடாளுமன்றத்தில் விடாது கேட்பவர் அரிது. புலம்பெயர்ந்த உறவுகளும் இயந்திரம் அனுப்புவதில் காட்டும் தாராளத்தை, அதை இயக்கும் கையை உருவாக்குவதில் காட்டுவதில்லை. ஏழை நாடுகளின் சுகாதார ஊழியரை வளமான நாடுகள் கவர்ந்து செல்வதைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2010இலேயே ஒழுக்கக்கோவை வகுத்தது. அதை உங்கள் நாடுகளின் அரசுகளுக்கு நினைவூட்டும் வாக்குரிமை உங்களிடம் இருக்கிறது.

கேட்கவேண்டியவை நான்கு. மாவட்ட ஒதுக்கீட்டில் மருத்துவம் படித்தவர், உரிய கொடுப்பனவுடன், குறித்த சில ஆண்டுகள் அம்மாவட்டத்தில் பணிபுரிய வேண்டும். உதவி வைத்தியர் பயிற்சியை இன்றைய தரத்துக்கேற்ப மீண்டும் தொடங்க வேண்டும். படுவான்கரைப் பாடசாலைகளுக்கு விஞ்ஞான ஆசிரியர்களை முதலில் அனுப்பி, அங்கிருந்தே தாதியரையும் குடும்பநல மாதர்களையும் தெரிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு வைத்தியசாலையின் வாயிலிலும் அதன் ஆளணியும் வெற்றிடமும் மாதந்தோறும் தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும்.

நான்காவதற்கு ஒரு சதமும் செலவில்லை. அதைக்கூடச் செய்ய மறுப்பார்களாயின், எதை மறைக்கிறார்கள் என்பது அங்கு வரிசையில் நிற்கும் நோயாளிக்கே விளங்கிவிடும்.