தலைவருக்கு மேடை, அடுப்புக்குத் தரையா?

ஒரு சமுதாயம் எதனை உயர்த்தி வைக்கிறதோ, அதனையே அது மதிக்கிறது. சிலைக்குப் பீடம் உண்டு. விளக்குக்குத் தண்டு உண்டு. நூலுக்குப் பேழை உண்டு. பேச்சாளருக்கு மேடை உண்டு. அந்த மேடைக்கு எதிரே அமர்ந்திருக்கும் நூற்றுக்கணக்கான வயிறுகளுக்குச் சோறு வடிக்கின்ற அடுப்புக்கு மட்டும் வெறுந்தரை! அதற்குக் கூரை இல்லை. அருகில் மேசை இல்லை. விறகு அடுக்க இடம் இல்லை. கொதிக்கக் கொதிக்க இறக்கிய பானையை வைப்பதற்கு ஓர் அடி இடமும் இல்லை. இந்த ஏற்றத்தாழ்வைப் 'பழக்கம்' என்னும் ஒரு சொல்லால் மூடி மறைப்பது இனியும் தகாது.

பேராக் மாநிலத்தின் தென்மேற்குக் கோடியில், பெர்ணம் ஆற்றங்கரைத் தாழ்நிலத்தில் அமைந்த ஊர் ஹுத்தான் மெலிந்தாங். 2017ஆம் ஆண்டில் பாகான் டத்தோ தனி மாவட்டமானபோது இவ்வூர் அதனுள் அடங்கியது. 1906இல் டென்மார்க்கு நாட்டுப் பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கிய ஜெண்டராத்தா ரப்பர் நிறுவனத்தின் நிலங்கள் இவ்வட்டாரத்தைச் சேர்ந்தவை. ரப்பரும் தென்னையும் பின்னர்ச் செம்பனையும் தழைத்த இம்மண்ணில் தமிழர் லயங்களில் வாழ்ந்தனர். லயத்து வீட்டில் முன்புறம் திண்ணை. பின்புறம் புகை மண்டிய அடுக்களை. பால்மரம் வெட்டிவிட்டு வந்த பெண், குனிந்த முதுகு நிமிராமலே அடுப்பின் முன் மீண்டும் குனிந்தாள். அந்தக் குனிவு அவள் விரும்பி ஏற்றதன்று. வீட்டைக் கட்டியவன் அவள் முதுகைக் கணக்கில் கொள்ளவில்லை, அவ்வளவே.

அன்று வீட்டைக் கட்டியவன் அயலான். இன்று மண்டபத்தையும் கோயில் வளாகத்தையும் பள்ளித் திடலையும் அமைப்பவர் தமிழரே. ஆயினும் அடுப்பின் நிலை மாறியதா? தைப்பொங்கல் வந்தால் இருபது, முப்பது மண்ணடுப்புகளை வெயில் காயும் தாரின்மீது வரிசையாக வைக்கிறார்கள். அடுப்புக்கும் அடுப்புக்கும் இடையே ஒருவர் நடக்கவும் வழி இல்லை. விறகுக்கட்டு ஒருபுறம், எண்ணெய்ப் போத்தல் மறுபுறம், நடுவில் ஓடித் திரியும் குழந்தைகள். திருமணத்திலும் திருவிழாவிலும் இதே காட்சிதான்; அடுப்புகள் மட்டும் பெரியவை. சேலை முந்தானையில் தீப்பொறி பறந்த பின்னர், "பார்த்துச் செய்யக் கூடாதா?" என்று அப்பெண்ணையே கடிந்துகொள்வதற்கு ஆட்கள் பலர் வருவார்கள். பார்த்து அமைத்திருக்க வேண்டியவர்கள் யாவர் என்று கேட்பதற்குத்தான் ஒருவரும் இல்லை.

மரபு சொல்வது என்ன?

'தரையில் அமர்ந்து சமைப்பதே தமிழர் மரபு. அதனை மாற்றலாகாது' என்பார் சிலர். மரபைப் பாதி மட்டும் படித்தவர் கூற்று இது. தமிழர் மரபில் அடுப்பு கேட்பாரற்ற பொருளாக இருந்ததில்லை. அட்டில், அடுக்களை, மடைப்பள்ளி என்று சமைக்கும் இடத்துக்கு இத்தனை பெயர் வைத்த இனம் அவ்விடத்தை இழிவாக எண்ணியிருக்க முடியாது. கோயில் அமைப்போர் மடைப்பள்ளிக்குத் தென்கிழக்கு மூலையை வகுத்து வைத்தனர்; எஞ்சிய இடத்தில் அதனைத் திணிக்கவில்லை. வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கியபோது அதன் உயிராக விளங்கியது அணையா அடுப்பு. அங்கே அடுப்பை நடுவாகக் கொண்டே அறம் வளர்ந்தது.

பழைய அடுக்களையின் அமைப்பில் இருந்த அறிவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெரிய அடுப்பின் பக்கத்தில் கொடியடுப்பை இணைத்தார்கள். வீணாகும் அனல் அதனுள் சென்று பாலையோ குழம்பையோ சூடாக வைத்தது. அடுப்புக்கு மேலே பரண் கட்டினார்கள். ஈர விறகு அங்கே உலர்ந்தது, விதை பூச்சி அரிக்காமல் இருந்தது. எட்டிய கைக்கு அஞ்சறைப் பெட்டி. பூனைக்கு எட்டாத உறி. எந்தப் பொருள் எங்கே இருந்தால் எத்தனை நடை மிச்சம் என்று கணக்கிட்டுச் செய்த ஏற்பாடுகள் இவை. இந்தக் கணக்கைக் கைவிட்டு, குனிவை மட்டும் காப்பாற்றுகிறவர்கள் மரபின் காவலர் ஆகமாட்டார்கள். நெல்லைக் கொட்டிவிட்டு உமியைக் கட்டிக் காப்பவர்கள் அவர்கள்.

பொங்கலைக் கதிரவன் காணத் திறந்த வெளியில் வைக்க வேண்டும் என்பது உண்மை. ஒன்றரை அடி உயர்ந்த செங்கல் திட்டின்மேல் வைத்த பானையைக் கதிரவன் காண மறுப்பானோ?

உலகம் கண்ட வழி

அடுப்பின் அமைப்பைப் பற்றி எண்ணுவது பெரியோர்க்கு அழகன்று என்னும் மயக்கமும் உண்டு. உலகம் அவ்வாறு எண்ணவில்லை. 1926இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகருக்கெனக் கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே லிகோட்ஸ்கி என்னும் பெண்மணி ஒரு சமையலறையை வகுத்தார். ஒருத்தி எத்தனை அடி நடக்கிறாள், எங்கே கை நீட்டுகிறாள் என்று அளந்து, மேசையையும் அடுப்பையும் பேழைகளையும் அதற்கேற்ப நிறுவினார். மாவு வைக்கும் இழுப்பறையைப் புழு அண்டாதிருக்கக் கருவாலி மரத்தால் செய்வித்தார். ஏறத்தாழ 10,000 தொழிலாளர் வீடுகளில் அச்சமையலறை அமைந்தது. 1953இல் ஐதராபாத்தின் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு, ஏழை வீடுகளுக்கெனப் புகைபோக்கியுடன் கூடிய மண்ணடுப்பை வகுத்து நூலும் எழுதினார். பொறியியல் அறிஞர் ஒருவர் அடுப்பைத் தொட்டதால் அவர் பெருமை குறைந்துவிடவில்லை.

ஜப்பானியரின் கமாடோ அடுப்பின் கதை இன்னும் சுவையானது. அது மண்ணடுப்பே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படைவீரர்கள் அதன் ஒரு வகையைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டு சென்றார்கள். 1974இல் அட்லாண்டா நகரில் அதனை விற்கத் தொடங்கிய ஒரு நிறுவனம் பின்னர்ச் சுடுமண்ணை மேலும் உறுதியாக்கி, பச்சை வண்ணம் பூசி உலகெங்கும் பரப்பியது. 70 கிலோவுக்கு மேல் எடையுள்ள அவ்வடுப்பை வாங்குவோர் அதனைத் தரையில் போட்டு வைப்பதில்லை. அதற்கெனத் தனி மேசை செய்கிறார்கள். மரப்பலகையில் நேரே வைத்தால் தீப்பற்றும் என்று அடியில் கற்பலகை இடுகிறார்கள். இருபுறமும் தட்டு, கீழே கரிப்பெட்டி, மேலே மழையுறை என்று முறை செய்கிறார்கள். இரண்டு மூன்று அடுப்புகள் இருந்தால், அவற்றைத் தாங்கும் பலகைத்தளத்தின் வலிமையையும் கணக்கிடுகிறார்கள். அயல்நாட்டான் தன் மண்ணடுப்புக்கு அரியணை செய்கிறான். தமிழனோ பாட்டியின் மண்ணடுப்பை மாட்டுக்கொட்டகை மூலையில் நனையவிட்டு, அது வெடித்ததும் 'மண்தானே' என்று வீசுகிறான். குறை மண்ணில் இல்லை, மனத்தில் இருக்கிறது.

புகையும் தீயும்

இது வெறும் வசதி பற்றிய வழக்கன்று. உயிர் பற்றிய வழக்கு. விறகு, கரி முதலியவற்றால் வீட்டினுள் எழும் புகையால் 2020இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என்று உலக நலவாழ்வு அமைப்பு மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் 2,37,000க்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். மலேசியத் தமிழர் இல்லங்களில் இன்று எரிவாயு அடுப்பே மிகுதி. ஆயினும் கூட்டுச் சமையலில் விறகும் கரியும் மறையவில்லை. தோட்டத்து மட்டையும் சிரட்டையும் எளிதில் கிடைக்கின்றன. மாத்தாங் அலையாத்திக் காட்டு மரங்களைக் கோலா செப்பெத்தாங் சூளைகளில் சுட்டெடுத்த கரி இம்மாநிலத்தின் புகழ்பெற்ற பொருள்.

மழை பிடித்துக்கொண்டால் எரியும் கரியடுப்பைத் தூக்கி மூடிய அறைக்குள் வைப்பவர்கள் உண்டு. கரி எரிகையில் எழும் நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண் எரியவில்லை என்று இருப்போர் கண் மூடிய பின்னரே அதன் கொடுமை விளங்கும். எரிவாயுக் கலனை விறகடுப்பின் அருகில் வைப்பதும் அத்தகையதே. கசிந்த வாயு காற்றினும் கனமானது. தரையோடு தவழ்ந்து தாழ்ந்த இடத்தில் தங்கும். தரையிலோ விறகடுப்பு எரிகிறது! இதற்கு மேலும் விளக்கம் வேண்டுமா?

செய்யத்தக்கது யாது?

ஒரு மண்டபத்தின் பின்புறம், பக்கங்கள் திறந்த ஒரு கூரைத்தளம் போதும். வீசும் காற்று புகையை உண்போர் பக்கம் தள்ளாத திசையில் அடுப்பு மேடையை ஒரே வரிசையாகக் கட்ட வேண்டும். இரு அடுப்புகளுக்கு இடையே மூன்றடி. சமைப்பவர் பின்னே நான்கடி நடைபாதை. எல்லா அடுப்பும் ஒரே உயரத்தில் இருத்தல் பிழை. அண்டா தானே இரண்டடி உயரும். ஆகவே அதன் அடுப்பு தாழ்ந்திருக்க வேண்டும். சிறு சட்டியின் அடுப்பு உயர்ந்திருக்க வேண்டும். கலத்தின் வாய் சமைப்பவரின் இடுப்பை ஒட்டி நிற்பதே அளவுகோல். முதலாம் ஆண்டு மாணவனுக்கும் ஆறாம் ஆண்டு மாணவனுக்கும் ஒரே உயர மேசை இடுவது தவறு என்று அறிந்த சமுதாயத்துக்கு இந்தக் கணக்கு விளங்காமற் போகாது.

ஒவ்வோர் இரண்டு அடுப்புக்கும் நடுவே, இறக்கிய கலத்தை வைக்கக் கல்லோ செங்கல்லோ பாவிய திட்டு ஒன்று வேண்டும். கூட்டங்களுக்கு வாங்கிய நெகிழி மேசையில் கொதிக்கும் அண்டாவை வைப்பது விபத்துக்கு விடுக்கும் அழைப்பு. கழுவும் தொட்டி, அரியும் மேசை, அடுப்பு, இறக்கும் திட்டு, பரிமாறும் மேசை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரிசை அமைய வேண்டும். பச்சைக் கறி செல்லும் வழியும் வெந்த சோறு வரும் வழியும் குறுக்கிடலாகாது.

இனிப் பொருள் வைக்கும் இடம். தாழ்நிலமாகிய ஹுத்தான் மெலிந்தாங்கில் தரையில் கிடக்கும் விறகு ஈரம் குடிக்கும். ஈர விறகே புகையின் தாய். எனவே தரைக்கு ஓரடி மேலே சட்டம் கட்டி, மேலே கூரையிட்டு, பக்கங்களைக் காற்றுக்கு விட்டு விறகை அடுக்க வேண்டும். அன்றைய தேவைக்கான விறகு மட்டும் அடுப்பருகே வரலாம். மண்ணடுப்புகளையும் உயர்ந்த தட்டில் நனையாமல் வைத்தல் வேண்டும். நீர் குடித்த மண்ணில் திடீரெனத் தீ மூட்டினால், உள்ளே எழும் ஆவி அதனைப் பிளக்கும். சிறு தீயில் உலர்த்திய பின்னரே பெருந்தீ இடத் தகும். சாம்பலை மூடியுள்ள இரும்புப் பீப்பாயில் கொட்ட வேண்டும். வெளியே வெளுத்த கங்கு உள்ளே மறுநாள்வரை கனன்றிருக்கும். மணல் வாளி இரண்டு, கைக்கெட்டும் தூரத்தில். இவற்றுள் எது இயலாதது? எது அறிஞர் குழு கூடி ஆராயத்தக்கது?

'பணம் இல்லை' என்பது கடைசி மறுப்பு. மேடையின் பின்திரைக்குப் பணம் உண்டு. ஆளுயரப் பதாகைக்குப் பணம் உண்டு. மாலைக்கும் பொன்னாடைக்கும் பணம் உண்டு. அன்றே வாடும் மாலைக்குச் செலவிடும் கை, ஐம்பது ஆண்டு நிற்கும் செங்கல்லுக்குச் சுருங்குவதன் காரணம் வறுமை அன்று. மேடையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிகிறார். அடுப்படியில் நிற்பவள் தெரியவில்லை. பொன்னாடை பெறுவோர் பட்டியலில் அவள் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. அவள் அதனைக் கேட்கவும் இல்லை. நிமிர்ந்து நிற்க ஓர் இடத்தைக் கேட்கிறாள். அதுவும் வாய் திறந்தன்று, வலிக்கும் முதுகைப் பிடித்துக்கொண்டு.

'எரிவாயு வந்துவிட்டது, மண்ணடுப்பு மறையட்டும்' என்போரும் சற்று நிதானிக்க வேண்டும். எரிவாயு அடுப்புக்கும் மேடை வேண்டும்; இடைவெளி வேண்டும்; இறக்கி வைக்கத் திட்டு வேண்டும். எரிபொருளை மாற்றியதனால் இடத்தின் குறை தீராது. அன்றியும் பொங்கல் நாளில் மண்பானையும் மண்ணடுப்பும் வேண்டும் என்று விரும்பும் சமுதாயம், அவற்றை மற்ற நாள்களில் காக்கவும் கடன்பட்டது.

ஆகவே மண்டபக் குழுவினரும் கோயில் பொறுப்பாளரும் பெற்றோர் சங்கத்தாரும் அடுத்த கட்டட வரைபடத்தை விரிக்கும்போது, பேச்சு மேடைக்குக் கோடு இழுப்பதற்கு முன் அடுப்பு மேடைக்குக் கோடு இழுக்கட்டும். அந்தக் கோட்டை இழுக்கும் வேளையில், நாளும் சமைக்கின்ற பெண் ஒருத்தியை அழைத்து, அவள் கை எட்டும் உயரத்தைக் கேட்டு அளக்கட்டும். அதுவரை, பெண்ணின் பெருமை பற்றி எந்த மேடையில் எவர் முழங்கினாலும், அது பின்கட்டில் புகைக்குள் இருமிக்கொண்டிருப்பவளின் காதில் ஏறாது.