பதாகையில் எழுந்தருளும் பெருமான்

பங்குனி உத்திரம் நெருங்கிவிட்டால் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை வீதிகளில் கொடியேற்றத்துக்கு முன்பே ஃப்ளெக்ஸ் பதாகைகள் ஏறிவிடுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதி முருகன் கோயிலுக்குப் பதாகை தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வங்கியில் பணிபுரிந்த காலத்தில், கையெழுத்தில் ஒரு சுழி மாறினாலும் காசோலையைத் திருப்பியனுப்பியவன் நான். அந்த விழிப்பு அன்று எங்கே போயிற்றோ! வாட்ஸ்அப்பில் வந்த உற்சவர் படமொன்றை அச்சிடுவோருக்கு அனுப்பி, பத்தடி அகலம், ஆறடி உயரம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பதாகையைக் கட்டிய பின்தான் பிழை தெரிந்தது. உயரவாக்கில் எடுத்த படத்தை அகலத்துக்காகப் பக்கவாட்டில் இழுத்திருந்தார்கள். திருமுகம் பருத்து, திருக்கண்கள் மங்கியிருந்தன. மயிலின் நீலக் கழுத்து ஊதாவாகியிருந்தது. உபயதாரர்களான எங்கள் முகங்கள் மட்டும் தெளிவாக இருந்தன. குருக்கள் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அளந்து வார்த்த ஸ்தபதி இதைப் பார்த்தால் என்ன நினைப்பார், சார்?" என்றார்.

அக்கேள்வி என்னை உறுத்தியது. சிவபெருமான், திருமால் திருவுருவங்களை உத்தம தச தாளப்படி 124 பங்குகளாகவும், தேவியின் உருவத்தை மத்திம தச தாளப்படி 120 பங்குகளாகவும் வகுத்துச் செய்வது சிற்ப மரபு. நெற்றி, நாசி, திருவடி ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. அவ்வளவையும் கணினியில் ஓர் இழுப்பில் குலைத்துவிடுகிறோம்.

அதன்பின் அச்சிடுவோரிடம் அமர்ந்து கற்றவற்றை, விழாக்குழுவில் இருக்கும் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். கணினிப் படம் என்பது புள்ளிகளாலான கோலம். அங்குலத்துக்கு 72 புள்ளிகள் அமைந்தால் பதாகை நன்றாக வரும்; பத்தடிக்கு 8,640 புள்ளிகள் ஆகின்றன. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் நீளவாட்டில் சுமார் 1,600 புள்ளிகளாகச் சுருங்கிவிடும். அதைப் பத்தடிக்குப் பெருக்கினால் அங்குலத்துக்குப் பதின்மூன்றே மிஞ்சும். அதே படத்தை 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பினால் சுருங்காது. கைப்பேசியில் எடுத்த 4,000 புள்ளிப் படம் தொலைவிலிருந்து காண்பதற்கு ஓரளவு போதும். கோயிலின் அனுமதி பெற்று, அலங்காரம் முடிந்ததும் நல்ல வெளிச்சத்தில் நேராக நின்று எடுக்கலாம்.

திரையில் வண்ணங்கள் ஒளியால் ஆனவை. பதாகையில் நான்கு மைகளால் ஆனவை. ஆகவே மயில் நீலமும் கிளிப்பச்சையும் திரையில் கண்டபடி வாரா. ஓரடித் துண்டு ஒன்றை முதலில் அச்சிட்டுப் பார்ப்பது நலம். ஓரங்களில் கயிறு கட்ட வளையம் அடிப்பார்கள். திருவடியில் துளை விழாதபடி நான்கங்குலம் வெற்றிடம் விட வேண்டும். படம் பதாகையின் அளவுக்குப் பொருந்தாவிட்டால் பக்கங்களில் பூவேலைப்பாடு சேர்க்கலாம். திருமேனியை மட்டும் இழுக்கலாகாது.

இதனினும் பெரிய பாடம் பின்னர் வந்தது. விழா முடிந்து சில வாரங்களில், வீடு கட்டுமிடம் ஒன்றில் எங்கள் பதாகையைக் கண்டேன். தரையில் விரித்து அதன்மேல் சிமெண்ட் கலவை குழைத்துக்கொண்டிருந்தார்கள். திருமுகத்தின்மேல் மண்வெட்டி உரசியது. கொத்தனாரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வீதியில் விட்டுவந்தவர்கள் நாங்கள். கேட்டு வாங்கி வந்து கழுவினேன். ஆனால் அதை என்ன செய்வது? பழைய காலண்டர்ப் படத்தை நீரில் விடுவது நம் வழக்கம். ஃப்ளெக்ஸ் நீரில் கரையாது. எரித்தால் நச்சுப்புகை எழும். சுருட்டிய அந்தப் பதாகை இன்றும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது.

பதாகை வைக்கும் இடத்திலும் கருத்து வேண்டும். 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில், திருமணத்துக்காக வைத்த பதாகை சரிந்து விழ, இருசக்கர வாகனத்தில் வந்த 23 வயதுப் பெண் தடுமாறி வீழ்ந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரியால் உயிரிழந்தார். அனுமதியின்றி வைத்த பதாகை அது. நம் பகுதி மகள் அவர். சுவாமி பெயரால் வைப்பதாயினும் காற்றுக்கு வேறுபாடு தெரியாது.

இப்போது எங்கள் கோயிலில் மூன்று வழக்கங்கள். வெளியே எழுத்து மட்டும் கொண்ட துணிப் பதாகை, அதுவும் அனுமதி பெற்று. சுவாமியின் படம் மதிலுக்குள் ஒன்றே. அதில் ஆண்டையும் தேதியையும் அச்சிடாமல் தனித் துண்டாகத் தைப்பதால், விழா முடிந்ததும் சுருட்டி வைத்து மறுஆண்டும் பயன்படுத்துகிறோம்.

உற்சவம் முடிந்தால் சுவாமியை ஆஸ்தானத்தில் சேர்த்த பிறகே வீடு திரும்புகிறோம். பதாகையில் எழுந்தருளியவரையும் அவ்வாறே உள்ளே அழைத்து வருவோமாக.