வீவக வீட்டை விற்கப் போறீங்களா? சாயம் பூசுவதற்கு முன் இதைப் பாருங்கள்

புதுச் சாயம் பூசினா நல்ல விலை போகும்னு வீட்டில் சொல்றாங்களா? பூசலாம், தப்பில்லை. ஆனா முதலில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக இணையத்தளத்தில் உங்கள் புளோக்கின் இன விகித நிலவரத்தைப் பாருங்கள். மாதத்தின் முதல் நாள் அது புதுப்பிக்கப்படும்.

1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி, ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு வரை இருக்கலாம். மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் 15. சீனர் வரம்பு நிரம்பிவிட்டால், இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. பெரும்பான்மையினர் வாங்க முடியாத வீட்டுக்குப் போட்டி எங்கிருந்து வரும்? விலையும் இறங்கும், நாளும் இழுக்கும். எந்தச் சாயமும் அதை மறைக்காது. 2022 முதல், நிபந்தனைகளுக்கு உட்பட்டால் கழகமே வாங்கிக்கொள்ளலாம். ஆனா அதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: கழகத்தின் மதிப்பீட்டுக்கு மேல் கேட்கும் ஒவ்வொரு வெள்ளியையும் வாங்குபவர் ரொக்கமாகத்தான் தரணும். கடனும் மசேநியும் அதற்கு உதவாது. அதனால் பக்கத்து வீட்டார் சொல்லும் விலையை நம்பாமல், அண்மையில் அதே வட்டாரத்தில் பதிவான விற்பனை விலைகளைப் பாருங்கள்.

அப்புறம் வீடு. செலவு செய்வதானா குளியலறைக் கசிவுக்குச் செய்யுங்கள். பார்க்க வருபவர் அங்கேதான் கூரையை அண்ணாந்து பார்ப்பார்.