அடைக்கலம் மறுத்தவர்களின் இரங்கற்பா

ஆண்டுதோறும் மார்ச் 20 நெருங்கும்போது தமிழ் எழுத்துலகில் ஒரு சடங்கு தவறாமல் நடக்கிறது: சிட்டுக்குருவிக்கு இரங்கற்பா பாடும் சடங்கு. 2010இல் உலகச் சிட்டுக்குருவி நாள் தொடங்கப்பட்டதிலிருந்து இதற்கு நாளும் குறித்துக் கொடுத்தாகிவிட்டது. பாட்டி வீட்டு முற்றம், நிலைக்கண்ணாடியைக் கொத்திய குருவி, வெறிச்சோடிய சன்னல், கடைசி வரியில் ஓர் அலைபேசிக் கோபுரம். கவிதைகள் மாறுகின்றன, கோபுரம் மாறுவதில்லை. 2018இல் வெளிவந்த '2.0' திரைப்படம் அந்தக் கோபுரத்தை முப்பரிமாணத்தில் காட்டி, ஒரு ஐயத்தை ஊரறிந்த உண்மையாக்கிவிட்டது.

இந்த இரங்கற்பாக்களோடு எனக்குப் பிணக்கு உண்டு. அவற்றில் பல மோசமான கவிதைகள் என்பது சிறிய காரணம். குற்றவாளியை நம் கை எட்டாத உயரத்தில் கொண்டுபோய் நிறுத்தி, எழுதுகிறவரையும் வாசிக்கிறவரையும் ஒருசேர விடுதலை செய்துவிடுகின்றன என்பதே பெரிய காரணம்.

முதலில் சான்றுகளைப் பார்க்கலாம். இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2020இல் ஓர் அறிக்கை வெளியானது. நாடெங்கும் பறவை நோக்குவோர் பதிந்து வைத்த தரவுகளிலிருந்து உருவானது அது. சிட்டுக்குருவி நாடளவில் கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரிய மாற்றமின்றியே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று அது சொன்னது. அலைபேசிக் கோபுரம் சிற்றூர்களிலும்தான் நிற்கிறது. அதன் காலடியில், மளிகைக் கடை வாசலில், குருவிகள் அரிசி பொறுக்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

லண்டன் கணக்கு இன்னும் தெளிவானது. அங்குள்ள கென்சிங்டன் பூங்காவில் 1925இல் எண்ணியபோது 2,603 குருவிகள் இருந்தன. 1948இல் 885. இங்கிலாந்துக்கு அலைபேசிச் சேவை வந்ததோ 1985இல். இடைப்பட்ட அந்தக் காலத்தில் லண்டன் தெருக்களிலிருந்து மறைந்தவை குதிரைகள். அவற்றோடு கொள்ளுப்பையிலிருந்து சிந்திய தானியமும், சாணத்தில் கிடைத்த இரையும் மறைந்தன. குருவியின் கதை எந்த ஊரிலும் வாசலில் சிந்துவதைப் பற்றிய கதைதான்.

இதை நம் புலவர்கள் அறிந்திருந்தார்கள். குறுந்தொகையின் 46ஆம் பாடலில் வரும் குருவியை நினைத்துப் பாருங்கள். தலைவனைப் பிரிந்தவள் மாலைப்பொழுதின் துயரைத் தோழியிடம் சொல்வதற்காக வருகிற குருவிதான். ஆனால் புலவர் அதை வெறும் குறியீடாக்கிவிட்டு நகரவில்லை, உற்றுப் பார்த்திருக்கிறார். அது முற்றத்தில் காய்கிற தானியத்தைத் தின்கிறது. பொதுவெளியில் கிடக்கும் எருவின் பொடியில் குடைந்து விளையாடுகிறது. வீட்டு இறப்பில் தன் குஞ்சோடு தங்குகிறது. இரை, புழுதிக் குளியல், கூடு. இன்றைய பறவையியலாளர் ஒருவர் இந்தப் பட்டியலில் சேர்க்கக்கூடியது ஒன்றுதான்: குஞ்சு வளரத் தானியம் போதாது, பூச்சியும் புழுவும் வேண்டும்.

நம் வீட்டை இந்தப் பட்டியலோடு ஒப்பிடுவோம். முற்றம் இல்லை, இருந்த இடத்தில் கார் நிற்கிறது. அரிசி கல் நீக்கிப் பையில் வருகிறது, முறத்தில் புடைப்பதில்லை. வாசலில் புழுதி இல்லை, மதில் வரைக்கும் சிமெண்டுக் கல் பதித்தாகிவிட்டது. ஓடும் இறவாணமும் போய், ஒரு விரல் நுழையும் இடுக்குக்கூட இல்லாத தளம் வந்துவிட்டது. மாதம் ஒருமுறை ஆள் வந்து மருந்தடித்துவிட்டுப் போகிறார். இத்தனையும் செய்து முடித்துவிட்டு, மொட்டைமாடியில் நின்று தொலைவிலுள்ள கோபுரத்தைச் சுட்டிக்காட்டுகிறோம். அடைக்கலாங்குருவி என்றல்லவா நம் மக்கள் அதற்குப் பெயரிட்டார்கள்? அடைக்கலம் கொடுக்கவேண்டியவர் யார் என்பது அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

குருவியோடு இது நின்றுவிடுவதில்லை. வீட்டுத் தோட்டம் என்று நாம் இன்று எதைச் சொல்கிறோம்? கத்தரித்த புல்தரை, குரோட்டன்ஸ், நாள்தோறும் கூட்டிப் பெருக்கிய மண், மூலையில் புகைகிற சருகு. அதில் எந்த உயிருக்கும் வேலை இல்லை. சருகைப் புரட்டித்தான் தவிட்டுக்குருவிக் கூட்டம் பிழைக்கிறது. ஆறுமணிக்குருவி என்றும் தோட்டக்கள்ளன் என்றும் அழைக்கப்படும் வண்ணப் பறவை இமயத்தின் அடிவாரக் காடுகளிலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. அத்தனை தொலைவு பறந்து களைத்து இறங்கும் அது தேடுவது நிழலும் ஈரச் சருகும்தான். சருகுக்குக் கீழேதான் அதன் உணவு இருக்கிறது. சருகைக் கொளுத்தியவர் வீட்டில் அதற்கு ஒரு வேளைச் சோறு இல்லை.

கறிவேப்பிலைச் செடியை எடுத்துக்கொள்ளுங்கள். இலையில் பறவை எச்சம்போல ஒன்று ஒட்டியிருக்கும். எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு அது. எச்சம்போலத் தோன்றுவதே அதன் தற்காப்பு. சில நாட்களில் பச்சை நிறமாகும், பிறகு கூட்டுப்புழுவாகும், பிறகு சிறகு விரிக்கும். நாமோ 'புழு அரிக்கிறது' என்று மருந்து தெளிக்கிறோம். பின்பு பட்டாம்பூச்சி வரவில்லையே என்று ஏங்குகிறோம். காலிமனையின் எருக்கு வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சிக்குத் தாய்ச்செடி, நமக்கு அது களை. ஒட்டடையைத் துளி விடாமல் துடைக்கிறோம். தேன்சிட்டு தன் தொங்குகூட்டைக் கட்டுவது சிலந்தி நூலால். தேனுண்ணும் பறவை என்று நாம் கொண்டாடும் அதே தேன்சிட்டு தன் குஞ்சுகளுக்கு ஊட்டுவது சிலந்தியையும் சிறுபூச்சிகளையும். புழுவை அருவருத்துக்கொண்டே பறவையை நேசிப்பது, வேரை வெட்டிவிட்டுப் பூவுக்குக் காத்திருப்பதற்குச் சமம்.

இன்னொரு வகை அன்பும் இருக்கிறது, மூட்டை மூட்டையாய்த் தானியம் கொட்டும் அன்பு. நகரங்களில் அது பெரும்பாலும் வளர்ப்பது மாடப்புறாக்களைத்தான். எண்ணிக்கை பெருகிவரும் பறவைகளில் ஒன்றாக மாடப்புறாவை 2023 அறிக்கை குறிப்பிடுகிறது. ஏற்கெனவே பெருகியிருப்பதை மேலும் பெருக்குவதற்கு ஏன் இத்தனை புண்ணிய உணர்ச்சி? அன்பின் பெயரால் கிளியைக் கூண்டில் அடைப்பவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது 1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூட்டுப்பெட்டி மாட்டுவதை நான் குறை சொல்லவில்லை. பெட்டியைச் சுற்றிப் பூச்சியற்ற பாலையை வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் மாட்டுவது, சோறில்லாத வீட்டுக்கு விருந்தினரை அழைப்பதுபோல என்றுதான் சொல்கிறேன்.

மறுப்புகள் வரும். 'சருகை விட்டுவைத்தால் டெங்கு வராதா?' டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது மூடாத தொட்டி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றில் தேங்கும் நீரில். அவற்றைக் கவிழ்த்துவிட்டால் போதும். பறவைக்கு வைக்கும் தண்ணீரை நாள்தோறும் மாற்றினால் அதிலும் கொசு வளராது. புகைமருந்து கொசுவை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொல்வதில்லை, அதனோடு அந்துப்பூச்சியும் வண்டும் சாகின்றன. அவற்றை நம்பியிருக்கும் புள்ளி ஆந்தையும் பட்டினி கிடக்கிறது.

'பாம்பு வருமே?' வரலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த அச்சம் நியாயமானதே. அதனால்தான் சருகை வாசலில் அல்ல, தோட்டத்தின் தொலைமூலையில் விடச் சொல்கிறேன். நாகமோ விரியனோ வந்தால் பயிற்சி பெற்றவரை அழைப்பதே முறை. ஆனால் எலியைத் தின்ன வரும் சாரைப்பாம்பை அடித்துக் கொன்றுவிட்டு, மறுவாரம் எலிமருந்து வாங்கக் கடைக்குப் போகும் அறிவை என்னவென்பது?

'எங்களுக்கு மண்ணே இல்லை, அடுக்குமாடி வீடு' என்பதுதான் உண்மையிலேயே கனமான மறுப்பு. அங்கே தனிமனிதர் செய்யக்கூடியது ஒரு தொட்டிக் கறிவேப்பிலையும் ஒரு மண்சட்டித் தண்ணீரும்தான். எஞ்சியதைக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசித்தான் பெறவேண்டும். மரத்தடியில் சிமெண்டு பூசாதே, பூச்சிமருந்துக்கு ஒப்புதல் தராதே, மதிலோரம் நான்கடி நிலத்தை அதன்பாட்டுக்கு விடு என்று சொல்லவேண்டும். இரங்கற்பா எழுதுவதைவிட இது கடினம். கைதட்டலும் கிடைக்காது.

அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996இல் மறையும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றி இடைவிடாது எழுதிவந்தார். யானையையும் புலியையும் பார்த்த அதே கண்ணால் காகத்தையும் அணிலையும் பல்லியையும் பார்த்தவர் அவர். அவரைப் பெற்ற மொழியில்தான் இன்று 'ஏதோ ஒரு பறவை' கதைக்குக் கதை கூவிக்கொண்டிருக்கிறது. கரிச்சானா, செண்பகமா, குக்குறுவானா என்று எழுத்தாளருக்குத் தெரிவதில்லை, வாசகரும் கேட்பதில்லை. பெயர் தெரியாத ஒன்று காணாமற்போனால் யாருக்குத் தெரியப்போகிறது? சிட்டுக்குருவிக்கு மட்டும் இத்தனை கண்ணீர் கிடைப்பதற்குக் காரணம், நமக்குப் பெயர் தெரிந்த சில பறவைகளில் அதுவும் ஒன்று என்பதுதானோ?

ஆகவே கவிஞர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. அடுத்த மார்ச்சில் குருவிக்குக் கவிதை எழுதுவதற்கு முன்பு, ஓராண்டுக்கு வீட்டின் ஒரு மூலையைப் பெருக்காமல் விடுங்கள். மருந்தடிக்க வருகிறவரைத் திருப்பி அனுப்புங்கள். அங்கே எது வருகிறது, எந்த மாதத்தில் வருகிறது, எதைத் தின்கிறது என்று பெயரோடு குறித்துவையுங்கள். அதன் பிறகும் இரங்கற்பா எழுதவேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள். அதை நான் வாசிப்பேன்.