கத்தியும் 20 டிகிரியும்

போன மாதம் லீவில் வந்த மகன், எனக்கென்று பெல்ட்டில் கத்தி தீட்டும் மின்சாரக் கருவி ஒன்றை அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்தான். அது 120 வோல்ட் சாமான். நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரே செருகினால் புகைந்துவிடுமே என்று ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்காக இரண்டு நாள் கடை கடையாக அலைந்தேன். அவ்வளவு முன்ஜாக்கிரதையாக இருந்தவன், கத்தியைச் சாய்த்துப் பிடிப்பதற்காகக் கூடவே வந்த பிளாஸ்டிக் தாங்கியைக் கழற்றி வைத்துவிட்டேன். 34 வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு 20 டிகிரி தெரியாதா என்ன?

எடுத்ததும் சாதாரணக் கத்தியை அல்ல. என் மனைவி கல்யாணமான புதிதில் தன் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த இரும்புக் கத்தி. ஈரம் பட்டால் துரு ஏறும். ஆனால் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் வெங்காயத்தைக் காகிதமாகச் சீவும். ஐந்தே நிமிடத்தில் அதன் நுனி உருண்டுவிட்டது. நடுப்பகுதி தக்காளியை வெட்டாமல் நசுக்கியது.

"என்னங்க, இதை எதுக்குத் தொட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"பழகப் பழகக் கை தானாகக் கோணத்தைப் பிடித்துக்கொள்ளும்" என்பார்கள் தெரிந்தவர்கள். கல்லில் தீட்டுகிறவருக்கு அது சரி. பெல்ட்டுக்குச் சரிப்படாது என்பது என் கட்சி. கல் மெதுவாகத் தேய்க்கும். ஒரு இழுப்பு தப்பினால் அடுத்ததில் திருத்திக்கொள்ளலாம். பெல்ட்டோ ஒரு நொடியில் பல அடி ஓடிவிடுகிறது. கை பாடம் படித்து முடிப்பதற்குள் கத்தி தீர்ந்துவிடும்.

அன்று ராத்திரி காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். கத்தியின் அகலம் 40 மி.மீ. 20 டிகிரிக்கு சைன் மதிப்பு 0.342. ஆகவே கூர்முனை பெல்ட்டில் படும்போது, கத்தியின் முதுகு பெல்ட்டைவிட்டு 13.7 மி.மீ. விலகி நிற்க வேண்டும். சரி, நுனிப்பக்கம் வரவர அகலம் குறைகிறதே? 20 மி.மீ. அகலமுள்ள இடத்தில் 6.8 மி.மீ. இடைவெளி போதும். கண் கோணத்தைப் பார்ப்பதில்லை, இடைவெளியைத்தான் பார்க்கிறது. அதே 13.7-ஐ நுனி வரை விடாமல் காப்பாற்றினால் கோணம் 43 டிகிரி! நான் செய்தது சாட்சாத் இதுதான். இந்த சைன் கணக்கை எத்தனை பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியிருப்பேன்! தப்பாகப் போட்டவர்களை பெஞ்சு மேல் ஏற்றியும் இருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. பெல்ட் மரப்பலகை அல்ல. அழுத்தினால் உள்வாங்கி, கூர்முனையைச் சுற்றி மேலே ஏறும். 20 டிகிரியில் பிடித்தாலும் முனையில் அதைவிட அதிகமாகத் தேயும். அதனால் கத்தியின் எடையே போதும். கையை அழுத்த வேண்டாம். சூடும் ஏறும். முனையில் நீலம் பாய்ந்துவிட்டால் இரும்பின் பதம் அந்த இடத்தில் போயிற்று என்று அர்த்தம்.

ஜப்பான் கத்திக்கு 15, மற்றதற்கு 20 என்று ஒரு வழக்கு நடக்கிறது. அதில் எனக்கு அக்கறை இல்லை. முழு நீளத்துக்கும் 18 என்றால் சமையலறைக்கு ஒரு குறையும் வராது. ஓர் இடத்தில் 15, ஓர் இடத்தில் 25 என்றால்தான் ஆபத்து. ஒரு பக்கம் தீட்டி முடித்ததற்கு அடையாளம், மறுபக்கம் விரலில் லேசாகத் தட்டுப்படும் பிசிறு. கோணம் ஆடினால் பிசிறு இங்கே இருக்கும், அங்கே இருக்காது. 'இன்னும் கொஞ்சம்' என்று தேய்ப்போம். அந்த இன்னும் கொஞ்சத்தில்தான் கத்திகள் சாகின்றன.

கத்தியை எங்கள் தெருவுக்கு வரும் சாணைக்காரரிடம் கொடுத்தேன். ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "மிஷின்ல போட்டீங்களா ஐயா?" என்றார். அவரிடம் மட்டும் தாங்கியா இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கவனித்தேன். இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டிக்கொள்கிறார். மணிக்கட்டு அசைவதே இல்லை. உடம்புதான் இடமும் வலமும் சாய்கிறது. நுனி வரும்போது மிதிக்கிற கால் தானாகத் தளர்கிறது, சக்கரமும் மெதுவாகிறது. என் மிஷினுக்கு இருப்பது ஒரே வேகம்.

நுனியை அவர் சரிசெய்துவிட்டார். கத்தி மட்டும் கால் அங்குலம் குட்டையாகிவிட்டது.

இப்போது தாங்கி இல்லாமல் நான் மிஷினைத் தொடுவதில்லை. முதலில் முனையின் இருபுறமும் மார்க்கர் பேனாவால் கறுப்படித்து, ஒரே ஒரு தடவை லேசாக இழுத்துப் பார்க்கிறேன். மை எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே கோணம் தப்பு. நுனி பெல்ட்டைத் தாண்டுவதற்கு முன் மோட்டாரை நிறுத்திவிடுகிறேன். பக்கத்து வீட்டார்கூடக் கத்தி கொண்டுவந்து தருகிறார்கள்.

அம்மா வீட்டுக் கத்தி மட்டும் சாணைக்காரருக்குத்தான் போகிறது. அவர் வரும் நாள் வரை அதை எங்கே வைத்திருக்கிறாள் என்று என்னிடம் சொல்வதில்லை.